பூநகரிப் பாதையிலே

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறையாக வருகின்ற வெளியூரார் பனைகளை வியப்பர், வேலிகளை வியப்பர், அவற்றுக்கு அடுத்தபடியாக எங்கள் வீதிகளில் ஓடுகின்ற பழைய மோட்டார்க் கார்களைக் கண்டு வியப்பர். கொழும்பிலே கண்காட்சிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் மாத்திரம் வெளியே எடுக்கப்படுகின்ற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் முதலிய கார்களுட் சில, இங்கே இன்றும் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகின்றன. அவற்றின் வயதோ அறுபதுக்கு மேல். பாட்டி மணமகளாக வந்திறங்கிய காரைப் பேரன் ஓட்டிச் செல்வது எங்கள் ஊரிலே புதுமையன்று.

இக்கார்கள் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு அவற்றின் இரும்பின் உறுதி மாத்திரம் காரணமன்று. கார் உள்ள வீடு ஒவ்வொன்றிலும் ஓர் ஆயுதப் பெட்டி இருந்தது. அதனைத் திறந்து பயன்படுத்தத் தெரிந்த ஒரு கையும் இருந்தது. காரில் பழுது கண்டால் நாமே திருத்துவதா, மெக்கானிக்கிடம் விடுவதா என்ற வினாவுக்குப் பிற ஊர்களில் பணம் விடை சொல்லும். எங்கள் ஊரில் அதற்கு விடை சொன்னது காலம். அந்த விடை எவ்வளவு தூரம் சரியானது என்பதைப் பூநகரிப் பாதையில் ஒரு காலைப்பொழுதில் நான் கற்றுக்கொண்டேன். அதனையே இங்கு எழுதப் புகுகின்றேன்.

எங்கள் கார் 1959 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். 1948 இல் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளிவந்த இவ்வகைக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பவர். பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையான முதற் பிரித்தானியக் கார் என்ற பெருமை இதற்குண்டு. எங்கள் கார் 948 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய இயந்திரத்தைக் கொண்டது. முன்மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சிறுவன் நிற்பதற்குப் போதிய இடமிருக்கும். எந்த உறுப்பும் கைக்கு எட்டும், எதுவும் ஒளிந்திராது.

என் தந்தையார் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர். வெள்ளைச் சட்டையில் மைத்துளி பட்டாலும் பொறுக்கமாட்டார். 1990 ஆம் ஆண்டு யூன் மாதம்வரை அவர் அந்த முன்மூடியைத் திறந்ததை நான் கண்டதில்லை. அம்மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடபகுதிக்கு எரிபொருளும் பற்றரியும் உதிரிப்பாகங்களும் வருவது தடைப்பட்டது. பெற்றோல் மருந்து போலாயிற்று. அந்நாளில் யாழ்ப்பாணத்தார் தங்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டத் தலைப்பட்டனர்.

இன்றைய மாணவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடேறினாலன்றி நன்கு ஆவியாகாது. ஆகவே குளிர்ந்து கிடக்கும் இயந்திரத்தை மண்ணெண்ணெயினாற் கிளப்ப இயலாது. ஒரு சிறு போத்தலிற் சேமித்து வைத்த பெற்றோலைச் சில துளிகள் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் இந்த உணவைப் பொறுத்துக்கொண்டன. பொறுத்துக்கொண்டனவே தவிர விரும்பி உண்ணவில்லை. பிளக்குகளிலே கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன்களைத் தாண்டி இறங்கி, இயந்திர எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். ஆகையால் அடிக்கடி பிளக்குகளைக் கழற்றித் துடைக்க வேண்டும். எண்ணெயையும் மாற்ற வேண்டும். மெக்கானிக்குகளுட் பலர் ஊரை விட்டுப் போய்விட்டனர். எஞ்சியிருந்தவர்களிடம் உதிரிப்பாகம் இல்லை. எனவே என் தந்தையார் வெள்ளைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முன்மூடியைத் திறந்தார். பத்து வயதுச் சிறுவனாகிய நான் அருகே நின்று விளக்குப் பிடித்தேன்.

அந்த விளக்கின் ஒளியிலே நான் கற்ற கல்வி பெரிது. பிளக்குகளின் இடைவெளியைத் தகட்டினால் அளக்கக் கற்றேன். பெற்றோல் பம் டக்டக்கென்று ஒலிக்காவிட்டால் அதன் மேல் மெல்லத் தட்டவேண்டும் என்று கற்றேன். எதைக் கழற்றினாலும் மண்ணெண்ணெயில் ஊறவிட்டுக் கழுவித் துடைத்தபின்பே பூட்டவேண்டும் என்பதையும் கற்றேன். இக்கடைசிப் பாடத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகின்றேன்.

நிற்க. கடந்த ஆவணி விடுமுறையில் திருக்கேதீஸ்வரத்துக்குப் போய்வர வேண்டுமென்று என் தாயார் விரும்பினார். தந்தையார் காலமாகிச் சில ஆண்டுகளாகின்றன. அவருடைய காரிலேயே போகவேண்டும் என்பதும் தாயாரின் விருப்பம். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னதாகப் பின்பக்கத்து இடதுசில்லின் உட்புறத்திலே ஈரம் கசிவதைக் கண்டேன். பிறேக் சிலிண்டரின் இறப்பர் தேய்ந்துவிட்டது என்று உணர்ந்தேன். ஊரிலே நல்ல மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவரிடம் விடும்படி மனைவி சொன்னாள். கல்லூரியிலே பௌதிகம் கற்பிப்பவன் நான். பாஸ்காலின் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி விளக்குபவன். விளக்குப் பிடித்து வளர்ந்தவன். ஒரு சிறிய இறப்பருக்காக இன்னொருவர் வாசலில் நிற்பதா என்று என் மனம் கூசிற்று.

ஒரு சனிக்கிழமை புதிய இறப்பரை வாங்கி வந்தேன். சில்லைக் கழற்றினேன்; சிலிண்டரைக் கழற்றினேன்; வழக்கம்போல் மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பளிச்சென்று கழுவினேன். இறப்பர் வழுக்கிக்கொண்டு உள்ளே செல்வதற்காகச் சிறிது கிறீசும் பூசினேன். மகன் மிதியை அழுத்த, நான் குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினேன். மிதி கல்லைப்போல் உறுதியாக நின்றது. அன்று மாலை தேநீர் எனக்கு வழக்கத்திலும் பார்க்க இனித்தது.

பயணநாள் வந்தது. தாயார், மனைவி, மகன், மகள் ஆகியோருடன் விடியற்காலையிற் புறப்பட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து மன்னார்ப் பகுதிக்குப் போக இரு வழிகளுண்டு. வவுனியா வழியாகச் சுற்றிப்போவது ஒன்று. நாவற்குழியிற் பிரிந்து, கேரதீவு, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மேற்குக் கரையோரமாகச் செல்வது மற்றொன்று. பின்னையது நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. முன்னையது ஏறத்தாழ அதன் இரு மடங்கு.

நாவற்குழிப் பாலத்தை அடைந்ததும் தாயார் பேச்சை நிறுத்திவிட்டார். அவ்விடத்தில் அவர் எப்பொழுதும் அப்படித்தான். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இப்பாலத்தினூடாகவே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். மழையும் இருளுமான அவ்வேளையில் எங்கள் மொறிஸ் மைனரும் அக்கூட்டத்தில் இருந்தது. உள்ளே பாட்டியும் இரண்டு நோயாளரும். முன்னே செல்ல இடமில்லாதபடியால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தந்தையாரும் நானும் அடியடியாகத் தள்ளிச் சென்றோம். இருந்த சொற்ப மண்ணெண்ணெயை அப்பால் எங்கே தேவைப்படுமோ என்று தந்தையார் காத்துவைத்தார். அந்த இரவுக்குப் பின் அந்தக் கார் எங்களுக்கு வெறும் வண்டியாக இருந்ததில்லை. அதனைப் பிறர் கையில் விட என் மனம் ஒவ்வாமைக்கு அதுவும் ஒரு காரணம் போலும்.

நாவற்குழியைத் தாண்டித் தெற்கே திரும்பினால் உலகம் மாறிவிடுகின்றது. வேலிகளும் கிணறுகளும் பின்தங்க, வெட்டவெளி விரிகின்றது. சோளகக் காற்று பக்கவாட்டில் வீச, கார் சற்றே அசைந்து அசைந்து ஓடியது. கோடையில் நீர் வற்றிய களப்பின் ஓரங்கள் உப்புப் பூத்து வெளுத்துக் கிடந்தன. முன்னாளில் கேரதீவுக்கும் சங்குப்பிட்டிக்கும் இடையே 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவைப் படகே வாகனங்களை அக்கரை சேர்த்தது. இன்று அங்கே 288 மீற்றர் நீளமான பாலம் நிற்கின்றது. 2011 ஆம் ஆண்டு சனவரியில் அது திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் காரை நிறுத்தி, இருபுறமும் நீலமாக விரிந்த நீரைப் பிள்ளைகள் பார்த்து மகிழ்ந்தார்கள். தாயார் மாத்திரம், "தம்பி, காத்துக் கூடவா இருக்கு, கெதியாப் போவம்" என்றார்.

பூநகரியிலே போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய பழைய கோட்டையின் சிதைவுகளைப் பார்த்தோம். அவ்விடத்திலிருந்து புறப்பட்டபோது மிதி வழக்கத்திலும் சற்றே கீழிறங்குவதாக எனக்குத் தோன்றியது. இரண்டாம் முறை அழுத்தினேன், உறுதியாக இருந்தது. வெயிலின் கோலம் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதாயின், அப்படி எண்ண விரும்பினேன். நானே செய்த வேலையில் நானே பிழைகாண மனம் இடந்தரவில்லை.

பல்லவராயன்கட்டைத் தாண்டினோம். நேரான வீதி, இருபுறமும் பற்றைக்காடு, இடையிடையே அறுவடை முடிந்து வறண்ட வயல்கள். முழங்காவிலுக்கு அண்மையில் ஒரு மாட்டுமந்தை வீதியைக் கடக்கத் தொடங்கியது. அதன் பின்னே தடியோடு ஒரு சிறுவன். கார் மணிக்கு ஐம்பது கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வேகத்தில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ பதினான்கு மீற்றர் தூரம் ஓடிவிடும். நான் பிறேக்கை மிதித்தேன். மிதி எவ்விதத் தடையுமின்றித் தரைவரை சென்றது. மீண்டும் மிதித்தேன், மீண்டும் தரை.

அடுத்த சில செக்கன்களில் நான் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்ல இயலவில்லை. கியரைக் குறைத்தேன்; இயந்திரம் அலறியது. கைப்பிறேக்கை இழுத்தேன். அது பின்சில்லுகளைப் பிடிப்பது. ஆனால் இடதுசில்லின் பிறேக் கட்டைகள் கசிந்த எண்ணெயில் நனைந்திருந்தமையால் வலதுசில்லு மாத்திரமே பிடித்தது. கார் ஒருபுறமாக இழுபட்டு, வீதியை விட்டிறங்கி, மணலிலே புதைந்து நின்றது. மாட்டுக்காரச் சிறுவனுக்கும் காருக்கும் இடையே எஞ்சியிருந்த தூரம் நான்கு பாகமும் இராது. அவன் அசையாமல் நின்று என்னைப் பார்த்தான். என் மகனுக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயதிருக்கும்.

எவருக்கும் காயமில்லை. தாயார் "கேதீஸ்வரநாதா" என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். என் கைகள் நடுங்கின. அச்சிறுவன்தான், "கிட்டடியில ஒரு கராச் இருக்கு, கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லி ஓடினான்.

அவன் அழைத்து வந்தவர் எழுபது வயதளவில் மெலிந்த மனிதர். சாரமும் எண்ணெய் படிந்த சட்டையும் அணிந்திருந்தார். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சில்லின் உட்புறத்தைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். ஊரவர் நால்வர் சேர்ந்து, காரை மணலிலிருந்து மீட்டு, சில நூறு யார் தூரம் தள்ளி, ஒரு புளியமரத்தின் கீழிருந்த அவருடைய கொட்டிலுக்குக் கொண்டு சேர்த்தனர். பல்லாண்டுகளுக்குப் பின் அந்தக் காரை மீண்டும் கையாலே தள்ளினேன். முன்பு தள்ளியது காலத்தின் கொடுமையால். இப்பொழுது தள்ளியது என் அகந்தையால்.

பெரியவர் சிலிண்டரைக் கழற்றினார். உள்ளிருந்து எடுத்த இறப்பரை என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று வாரத்துக்கு முன் புதிதாகப் பூட்டிய அந்த இறப்பர் ஊறிய உளுந்துபோல் பருத்து, நொய்ந்து, விளிம்பு சுருண்டு கிடந்தது.

"மாஸ்ரர், இதை மண்ணெண்ணெயிலயோ கழுவினனீங்கள்?"

"ஓம் அண்ணை. கொஞ்சம் கிறீசும் பூசினனான்."

அவர் சிரிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறேக் எண்ணெய் என்பது பெயரளவிலேதான் எண்ணெய் என்றும், அது மண்ணிலிருந்து எடுக்கும் எண்ணெய் வகையைச் சேர்ந்ததன்று என்றும், அதற்கென்றே செய்யப்பட்ட இறப்பர் மண்ணெண்ணெயும் கிறீசும் பட்டால் ஊதிக் கெட்டுப்போகும் என்றும் விளக்கினார். சிலிண்டரைப் பிறேக் எண்ணெயினாலோ மதுசாரத்தினாலோ மாத்திரம் கழுவவேண்டும்; இறப்பரையும் பிறேக் எண்ணெயில் தோய்த்தே பூட்டவேண்டும். ஓர் அமுக்கம் நீர்மத்தின் எல்லாத் திசைகளிலும் சமமாகச் செலுத்தப்படும் என்ற பாஸ்காலின் விதியை நான் அறிவேன். எங்கள் காரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே குழாய்த் தொகுதி என்பதையும் அறிவேன். அப்படியாயின் ஒரு சில்லில் ஏற்படும் கசிவு நான்கையும் செயலிழக்கச் செய்யும் என்பது அந்த விதியிலிருந்தே பெறப்படும் உண்மையன்றோ? கரும்பலகையில் அறிந்ததைக் காரின் கீழே கிடந்தபோது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

அவருடைய தகரப் பெட்டியில் வேறொரு வாகனத்தின் இறப்பர் ஒன்று கிடந்தது. பார்வைக்கு அளவு ஏறக்குறையச் சரியாகத் தோன்றியது. "அண்ணை, இதைப் போட்டு விடுங்கோ, மெல்ல மெல்லப் போய்ச் சேர்ந்திடுவம்" என்றேன். அவர் மறுத்துவிட்டார்.

"சண்டை நேரத்தில நானே எத்தனையோ வாகனத்துக்குக் குழாயை மடிச்சு அடைச்சு, மூண்டு சில்லுப் பிறேக்கோட ஓட விட்டனான். காயப்பட்ட ஆக்களை ஏத்திறதுக்கு வேறை வழியில்லை. அப்ப வழி இல்லை, செய்தம். இப்ப வழி இருக்கு. ஏன் செய்யவேணும்?"

பின்னர் அவர் சொன்ன வார்த்தையை நான் என் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றேன்: "ஓடாமல் நிக்கிற காரை நீங்கள் எத்தனை தரமும் திருத்திப் பாருங்கோ, மாஸ்ரர். பிழைச்சால் இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும், அவ்வளவுதான். நில்லாமல் ஓடுற காரை மட்டும் விளையாட்டாத் தொடாதேங்கோ."

காரை அவரிடம் விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறினோம். சாரதிக்குப் பின்னால் அமர்ந்து வருகையில், முதன்முறையாக அந்தப் பாதையை ஆறுதலாகப் பார்த்தேன். வெள்ளாங்குளம், இலுப்பைக்கடவை, பள்ளமடு என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வந்துபோயின. கூரையிழந்த சுவர்களுக்கு அருகே புதிய வீடுகள் எழுந்திருந்தன. இப்பகுதி மக்கள் 2009 க்குப் பின் மீண்டும் வந்து, ஏறக்குறைய ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்கியவர்கள். உழவு இயந்திரம் ஒன்றை முற்றத்திலே பிரித்துப் போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் குந்தியிருப்பதையும், அவன் தந்தை அருகே நின்று எதையோ சுட்டிக்காட்டுவதையும் ஓரிடத்தில் கண்டேன். இங்கும் இல்லாமையே ஆசிரியனாக இருந்திருக்கின்றது.

மன்னார்த் தீவுக்குச் செல்லும் தாம்போதிக்கு முன்னதாகவே இறங்கி, முச்சக்கர வண்டியில் திருக்கேதீஸ்வரத்தை அடைந்தோம். சம்பந்தராலும் சுந்தரராலும் பாடப்பெற்ற தலம் அது. அந்நாளில் மாதோட்டம் பெருந்துறைமுகமாக விளங்கியது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்துபோன ஆலயத்தைத் திரும்ப எழுப்பவேண்டுமென்று 1872 இல் ஆறுமுகநாவலர் சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். பாலாவியில் கால்நனைத்து, சந்நிதியில் நின்றபோது தாயாரின் கண்கள் நிறைந்திருந்தன. என் மனமோ அந்த மாட்டுக்காரச் சிறுவனிடமே போய்ப் போய் மீண்டது. நாலு பாகம். அதற்கு மேல் அங்கே என் படிப்புமில்லை, பட்டமுமில்லை.

இரண்டு நாள் கழித்து முழங்காவிலில் இறங்கினோம். பெரியவர் யாழ்ப்பாணத்துக் கடையொன்றுக்குச் சொல்லி, உரிய இறப்பர்களை பஸ்ஸில் வருவித்திருந்தார். நான்கு சில்லுகளினதும், தலைமைச் சிலிண்டரினதும் இறப்பர்களை மாற்றி, கெட்டுப்போன எண்ணெய் முழுவதையும் வெளியேற்றியிருந்தார். கடைசியாகக் காற்றெடுக்கும் வேலையை மாத்திரம் எனக்காக விட்டுவைத்திருந்தார். என் மகனை அழைத்து அருகே இருத்தி, வேலை நடக்க நடக்க ஒவ்வொன்றையும் விளக்கினார். பின் வெறும் வீதியிலே தாமே ஓட்டி, பத்துத் தரம் நிறுத்திப் பார்த்தபின்தான் சாவியைத் தந்தார். அவர் கேட்ட கூலி நான் எண்ணியதிற் பாதியுமில்லை. கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்தார்.

புறப்படுமுன் ஒரு சோதனையைச் சொல்லித் தந்தார். வெளிக்கிடுமுன் பிறேக் மிதியை நன்றாக அழுத்திப் பிடித்து முப்பது எண்ணவேண்டும். கால் நின்ற இடத்தில் நின்றால் நல்லது. மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ கசிகின்றது. வண்டியை எடுக்கவே கூடாது. பூநகரியில் நான் அந்த முப்பதை எண்ணியிருந்தால் இக்கட்டுரையை எழுத நேர்ந்திராது.

இதனைப் படித்தவர்கள், 'ஆகவே ஆயுதப் பெட்டியை மூடிவிட்டு எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் விடுவதே புத்தி' என்று கருதுவார்களாயின் அது என் கருத்தன்று. தன் வண்டியைப் பற்றி ஒன்றுமே அறியாதவன் நடுவழியில் அநாதை, கராச்சிலும் அநாதை. எந்தச் சத்தம் எப்போது தொடங்கியது என்று சொல்லத் தெரியாத நோயாளியை வைத்து வைத்தியர் என்ன செய்வார்? இயந்திர எண்ணெயின் மட்டம், றேடியேற்றரின் நீர், ரயரின் காற்று, பற்றரியின் முனைகள், மின்விளக்குகள், பிளக்குகள், காற்று வடிகட்டி, விசிறிப் பட்டி ஆகியவற்றை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். காற்றுப்போன சில்லை மாற்றப் பெண்பிள்ளைகளும் பழகிக்கொள்ள வேண்டும். இவற்றிற் பிழை நேர்ந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுவிடும், அவ்வளவே. ஆனால் சூடேறிய றேடியேற்றரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. ஜக்கின் மேல் மாத்திரம் நிற்கும் வண்டியின் கீழே ஒருபோதும் புகுதலாகாது.

பிறேக், ஸ்ரியறிங், சில்லுத் தாங்கி ஆகிய மூன்றும் வேறு இனம். இவற்றின் பிழையை உடையவன் மாத்திரம் அனுபவிப்பதில்லை; வீதியிலே செல்லும் முன்பின் அறியாத ஒருவரும் அனுபவிக்கின்றார். அவர் எங்கள் திறமையை நம்பி வீதிக்கு வரவில்லை. அவருடைய உயிரைப் பணயமாக வைத்துக் கைவேலை பழகுவதற்கு எங்களுக்கு உரிமையில்லை. பிறேக் எண்ணெய்கூட நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறியபின் குறைந்த சூட்டிலேயே அது கொதித்து, குழாயில் ஆவியை உண்டாக்கிவிடும். ஆகையாற் கசிவு இல்லாவிடினும் இரண்டாண்டுக்கு ஒருமுறை அதனை மாற்றுவித்தல் நன்று.

புதிய கார்களின் கதை மேலும் வேறு. அவற்றிலே கணினி பிழையைக் கண்டறிந்து எண்ணாகக் குறித்துவைக்கின்றது. அதனைப் படிக்கக் கருவி வேண்டும். மின்னாலும் பெற்றோலாலும் ஓடும் கலப்பின வண்டிகள் சிலவற்றின் பெரிய பற்றரியில் 200 வோல்ற்றளவில் மின்னழுத்தம் உண்டு. செம்மஞ்சள் நிற உறையிட்ட கம்பிகளில் கைவைத்தல் உயிருக்கு ஆபத்து. விளக்குப் பிடித்துக் கற்ற கல்வி அங்கே செல்லாது. இதனை உணர்ந்தே இளைஞர்கள் இத்தொழிலை முறையாகப் பயிலத் தொடங்கியிருக்கின்றனர். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றது. பரீட்சையிற் பின்தங்கியவனுக்கே கராச் என்று எண்ணும் பெற்றோர் எங்களிடையே இன்னும் இருக்கின்றனர். முழங்காவில் புளியமரத்தின் கீழே ஒரு பட்டதாரி பாடங்கேட்டதை அவர்களுக்கு நான் சாட்சியாகச் சொல்வேன்.

போரின் நாட்களில் எங்கள் மக்கள் இல்லாததைக் கொண்டு இருப்பதை ஓடவைத்தார்கள். அது பெருமைக்குரிய வித்தை. அதனைக் குறைகூற எனக்கு வாய் வராது. ஆயினும் வேறு வழியின்றிச் செய்தவற்றை, வழி பிறந்தபின்பும் அறிவென்று எண்ணிச் செய்துகொண்டிருத்தல் தகாது. எங்களைக் காத்த மண்ணெண்ணெய்தான் அந்த இறப்பரைக் கெடுத்தது. என் தந்தையார் உயிரோடு இருந்திருப்பின் இந்த வேறுபாட்டை என்னிலும் விரைவில் உணர்ந்திருப்பார் என்றே நினைக்கின்றேன். வழி இருந்த காலத்தில் அவர் முன்மூடியைத் திறந்தவரல்லர் அன்றோ?

அவருடைய ஆயுதப் பெட்டி இன்றும் எங்கள் வீட்டில் இருக்கின்றது. பிளக்குச் சாவியும் இடைவெளித் தகடும் அதிலேயே உள்ளன. அவற்றுக்கு இன்றும் வேலையுண்டு. வெளியே புறப்படும்போதெல்லாம் மகன் சாரதி ஆசனத்தில் ஏறி, மிதியை அழுத்திப் பிடித்துக்கொண்டு உரக்க எண்ணுகின்றான். அவன் முப்பது என்று சொல்லும்வரை நாங்கள் எவரும் பேசுவதில்லை.